பளிங்குச் சில்லும் நாற்பத்தொன்றாம் கிண்ணமும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளைச் சாம்பல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்த புண்ணியவான் நான். முதல் தடவை காதில் விழுந்ததும் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். "உள்ளதைத்தானே சொல்றீங்க தம்பி" என்றபடி இடுக்கியை எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போய்விட்டாள். அவளைச் சீண்டிப் பார்க்கும் ஆசை அன்றோடு எனக்குப் பாதி விட்டுப்போயிற்று.

அவள் வேலை அப்படி. மனித உடம்பின் ஒரு துண்டைக் கொடுத்தால் அதை உலர்த்துவாள், எடை போடுவாள், பீங்கான் கிண்ணத்தில் வைத்து ஐந்நூறு டிகிரி உலைக்குள் தள்ளுவாள். கடைசியில் ஒரு சிட்டிகைச் சாம்பல் வரும். சதை, கொழுப்பு, நீர் எல்லாம் போய்த் தாதுக்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைத்து அடுத்த அறையில் இருக்கும் என்னிடம் அனுப்புவாள். என் மெஷின் அதை நெருப்பில் பீய்ச்சி, கால்சியம் இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு, மக்னீசியம் இவ்வளவு என்று சொல்லும். மெஷின் சொன்னதை நான் சொல்வேன். கேட்கிறவர்கள் நானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்கள். நானும் அதைத் திருத்தப் போவதில்லை. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. யாராவது சந்தேகப்பட்டால், "எழுதித் தர்றேன், வேணுமா?" என்பேன். இதுவரை யாரும் எழுதி வாங்கியதில்லை.

அக்காவுக்கு எதைப் பார்த்தாலும், இதை எரித்தால் என்ன மிஞ்சும் என்ற யோசனை. உலை காலியாக இருக்கும் மதிய நேரத்தில் சல்லடையில் தங்கிய தேயிலைச் சக்கையை எரித்துப் பார்ப்பாள். வெட்டிய நகத்தை எரிப்பாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர். அவர் கடையிலிருந்து கொம்பில் செய்த பழைய பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்து எரித்தாள். அறை முழுக்க நாற்றம், இரண்டு நாளைக்கு யாரும் உள்ளே போகவில்லை. "மெஷின்ல ஒரு தடவை விட்டுப் பாருங்களேன் தம்பி" என்று சின்னக் குப்பியோடு வந்து நிற்பாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொத்தானில் என்ன இருந்தது என்பது உலகத்துக்குத் தேவையில்லாத செய்தி, ஆனால் எங்கள் இருவருக்கும் தெரியும்.

மருத்துவக் கல்லூரியின் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. கீழ்த்தளத்து ஜாடி அறை. படிப்புக்கென்று உடலைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் உறுப்புகள் அங்கே ஃபார்மலின் திரவத்தில் வரிசையாக இருக்கும். ஜன்னல் இல்லாத நீள அறை, இரும்பு அலமாரிகள், மூக்கை எரிக்கும் வாசனை. ஃபார்மலின் பழசாகப் பழசாகப் புளிப்பு ஏறி அமிலமாகிவிடும். அமிலமானால் உள்ளே இருப்பது கெடும். அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஒவ்வொரு ஜாடியிலும் கொஞ்சம் பளிங்குச் சில்லு போட்டு வைத்தால் அது புளிப்பைக் குடித்துவிடும். கல்லூரி பளிங்கு வாங்கித் தருவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. அக்கா நிறுத்தவில்லை. தரைக்குக் கல் பதிக்கும் கடையில் உடைந்து கிடப்பதைக் கேட்டு வாங்கி வருவாள். கழுவி, சரியாக ஐம்பது கிராம் நிறுத்து, மெல்லிய துணியில் முடிச்சுப் போட்டு, ஜாடிக்கு ஒன்றாக இறக்கிவிடுவாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஜாடிகளில் ஒன்றுகூடக் கெட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது, இருக்க வேண்டியதும்தான்.

வீட்டில் அவளும் மாமாவும் மட்டும். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம், குழந்தை இல்லை. அதைப் பற்றி அக்கா பேசி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அவள் மாமியார் உயிரோடு இருந்தவரை, "அவளுக்கு அதுல சத்தே இல்லை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாராம். எங்கள் கல்லூரியிலேயே ஒரு குமாஸ்தா, ஜாடி வாசனையால்தான் இப்படி என்று என்னிடம் விளக்கம் சொன்னான். ஃபார்மலின் பக்கமே போகாத அவனுக்கும் தலைமுடி முழுக்கக் கொட்டியிருந்தது. அதற்கு எந்த வாசனை காரணம் என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை.

நாலைந்து வருடத்துக்கு முன் டாக்டரம்மா ஒருவர் பட்ட ஆய்வுக்காக எங்களிடம் வந்தார். ஒல்லியான ஆள், வேக நடை, எதையும் இரண்டு தடவை கேட்பார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி சுலபமானது. வயது ஏற ஏறக் கர்ப்பப்பையின் சதையில் எந்தத் தாது கூடுகிறது, எது குறைகிறது? எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைவதைப் பற்றி ஊருக்கே தெரியும். ரத்தக் குழாயில் அது படிவதைப் பற்றியும் படித்திருக்கிறோம். கர்ப்பப்பை பாவம், அதை யார் கேட்டார்கள்?

தலைப்பைக் கேட்டதும் அக்கா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டாள்.

"அதுக்குள்ள உலோகமெல்லாம் இருக்கா டாக்டர்?"

"எல்லா உறுப்புலயும் இருக்கு. எவ்வளவுங்கிறதுதான் கேள்வி."

"ஆளுக்கு ஆள் மாறுமா?"

"மாறும். வயசுக்குத் தகுந்த மாதிரி மாறுதான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

அன்றைக்கே நாற்பது பீங்கான் கிண்ணங்களை அமிலத்தில் ஊறப்போட்டு எடுத்து, அடியில் ஒன்று முதல் நாற்பது வரை எண் எழுதி அடுக்கிவிட்டாள். டாக்டரம்மா கேட்கக்கூட இல்லை.

நாற்பது துண்டுகளில் பதினாறு இளம் பெண்களுடையவை. ஏதோ நோய்க்காக அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டு, அங்கிருந்து நேரே ஐஸ் பெட்டியில் வந்தவை. மற்ற இருபத்துநாலும் ஐம்பது தாண்டியவர்களுடையவை. அவை கீழ்த்தளத்து ஜாடிகளிலிருந்து எடுத்தவை. உடல்தானம் செய்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அதனால் அப்படி அமைந்தது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை வடிநீரில் கழுவி, உலர்த்தி, எரித்து, கரைத்து, என் மெஷினில் விட்டோம். ஒன்றரை வருட வேலை. முடிவு வந்தபோது டாக்டரம்மா என் அறை நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். இளம் பெண்களின் கால்சியம் கிராமுக்குச் சராசரி முக்கால் மில்லிகிராம். வயதானவர்களுடையது மூன்றரை. துத்தநாகமும் மக்னீசியமும் பெரிதாக அசையவில்லை. கால்சியம் மட்டும் ஏணி சாத்தி வைத்த மாதிரி ஏறியது.

"இவ்வளவு சுத்தமா ஒரு கோடு வருமா?" என்றார்.

"மெஷின் பொய் சொல்லாது டாக்டர். எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் எழுதி வாங்கவில்லை. பிழைத்தேன்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஐந்து மாதம் இருந்தது, அக்கா ஓய்வு பெற ஏழு மாதம். ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் அக்கா ஒரு தட்டோடு என் அறைக்கு வந்தாள். தட்டில் பளிங்குச் சில்லுகள், பட்டாணி அளவில், ஓரம் மழுங்கி இருந்தன.

"தம்பி, கல்லு கரையுமா?"

"எந்தக் கல்லு, எதுல போட்டது?"

"ஒரு ஜாடி காலியாச்சு. கழுவலாம்னு முடிச்சைப் பிரிச்சேன். போடும்போது நெல்லிக்காய் அளவு இருந்துச்சு. இப்ப இப்படி இருக்கு. நிறுத்தும் பாத்துட்டேன். ஐம்பது கிராம் போட்டது முப்பத்தொண்ணுதான் இருக்கு."

"பளிங்குன்னா சுண்ணாம்புக் கல்லுதானேக்கா. புளிப்புல கிடந்தா கரையத்தான் செய்யும். அதுக்குத்தானே போடறீங்க."

"கரைஞ்சது எங்க போகும்?"

"அந்தத் தண்ணியிலதான் இருக்கும்."

அவள் தட்டை என் மேசையில் வைத்தாள். "அந்தத் தண்ணியிலயே வருஷக்கணக்கா ஊறிட்டிருக்கிற சதைக்கு?"

இருபத்துநாலு ஜாடிகளும் கண் முன்னால் வந்து நின்றன. பதினாறு இளம் பெண்களின் துண்டுகள் எதுவும் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. வயதானவர்களின் சதையில் நாங்கள் கண்ட சுண்ணாம்பு வயதால் வந்ததா, கல் பதிக்கும் கடையிலிருந்து வந்ததா?

ஜாடித் திரவத்தில் கொஞ்சம் எடுத்து மெஷினில் விட்டேன். நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் செங்கல் நிறத்துக்கு மாறியது. எண் அளவுகோலைத் தாண்டிப் போயிற்று. நூறு மடங்கு நீர் சேர்த்து மறுபடி விட்ட பிறகுதான் பிடிபட்டது.

"டாக்டருக்கு இது தெரியாதா?" என்றேன். "ஜாடியில முடிச்சைப் பாத்திருப்பாங்களே."

"பாத்திருக்க மாட்டாங்க. அவங்க துண்டு எடுக்க வர்றதுக்கு முன்னாடி நானே எல்லா முடிச்சையும் எடுத்து வெச்சிட்டு, அவங்க போனதும் திரும்பப் போட்டேன். பாக்க அசிங்கமா இருக்குமேன்னு."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். "அக்கா, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இன்னும் ஏழு மாசத்துல நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். அந்தப் பொண்ணு மூணு வருஷம் உழைச்சிருக்கு. வாயைத் திறக்காதீங்க" என்றேன். அக்கறை என்று நானே நம்பிக்கொண்டுதான் சொன்னேன். பயம்தான் அது. எழுதித் தருகிறேன் என்று சொன்னவன் நான் அல்லவா.

அக்கா சில்லுகளை ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்துப் போட்டாள். "கிண்ணம் உடைஞ்சாக்கூட உடைச்சது நான்தான்னு சொல்லியிருக்கேன். இதைச் சொல்லாம எப்படி இருக்கிறது தம்பி?"

மறுநாள் டாக்டரம்மா பையை மேசையில் வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். நான் என் அறை வாசலிலேயே நின்றேன். டாக்டரம்மா அந்த முடிச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். எந்த எந்த ஜாடி, எத்தனை வருடம், எவ்வளவு எடை என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாம் அவள் நோட்டில் தேதியோடு இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டாக்டர். இது சொல்ல வேண்டிய விஷயம்னே எனக்குத் தோணலை. மன்னிச்சிடுங்க."

டாக்டரம்மா தன் ஆய்வுக் கோப்பை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் அவர் வரவில்லை. அந்த மூன்று நாளும் அக்கா எதையும் எரிக்கவில்லை. இருக்கிற கிண்ணங்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் குறுகிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நாலாம் நாள் டாக்டரம்மா வந்தார். கண் வீங்கியிருந்தது, நடை மட்டும் பழைய வேகம். எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"கோடு பொய்யின்னும் சொல்ல முடியலை, நிஜம்னும் சொல்ல முடியலை. ஜாடிக்குப் போகாத, வயசான ஒருத்தரோட கர்ப்பப்பை வேணும். ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து நேரா வரணும். பாதியை அப்படியே எரிக்கணும். மீதிப் பாதியை நம்ம ஜாடித் தண்ணியில, கல்லோட மூணு மாசம் போட்டு வெச்சு எரிக்கணும். அப்பதான் எது வயசு, எது கல்லுன்னு தெரியும். நான் ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு பேருமே முடியாதுன்னுட்டாங்க."

"எனக்கு ஐம்பத்தொம்பது" என்றாள் அக்கா.

எங்களுக்குப் புரியவில்லை.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு, எடுத்துடணும்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்காங்க. நான்தான் ஓய்வு வாங்கின பிறகு பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டு வர்றேன். இப்பவே எடுத்துக்கறேன். நீங்க வாங்கிக்கங்க."

டாக்டரம்மா உடனே தலையாட்டவில்லை. குற்ற உணர்ச்சியில் செய்யக் கூடாது, யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு வாரம் கொடுத்தார். அந்த வாரத்தில் ஒரு மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு, முன்னறையில் தையல் மெஷின், கொடியில் பாதி தைத்த சட்டைகள். மாமா ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் அங்குஸ்தானோடு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கறதை எடுக்கட்டும். அதை வாங்கி எரிக்கிறதுக்கு இவளேதான் நிக்கணுமா?" என்றார் என்னிடம்.

"வேற யார் எரிச்சாலும் கிண்ணத்தை ஒழுங்கா கழுவ மாட்டாங்க" என்றாள் அக்கா.

"எரிச்சுட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துடாதே. பொத்தான் நாத்தமே இன்னும் போகலை."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுல ஏதாவது தெரிஞ்சுச்சுன்னா என்ன பண்ணுவே? ஏதோ குறையின்னு வந்தா?"

"வரட்டுமே. முப்பத்தாறு வருஷமா எல்லாரும் அதைப் பத்திப் பேசிட்டாங்க. உங்க அம்மா பேசினாங்க, என் தங்கச்சி பேசினா, பக்கத்து வீட்டுல பேசினாங்க. உள்ள என்ன இருக்குன்னு யாருமே பாத்ததில்லை. நானாவது பாக்கறேன்."

மாமா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொள்ள முன்பக்கம் திறக்கிற மாதிரி இரண்டு சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னார். அவர் சம்மதம் சொன்ன விதம் அது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பாதியை டாக்டரம்மா உறைபெட்டியில் பத்திரப்படுத்தினார். மீதிப் பாதியை ஜாடியில் போட்டார், ஐம்பது கிராம் முடிச்சோடு. நானும் மாமாவும் மூன்றாம் நாள் வார்டுக்குப் போனால், அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு பக்கத்துக் கட்டில் அம்மாளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு அறுபத்துமூன்று வயது, மறுநாள் அறுவை சிகிச்சை.

"எடுத்ததை எப்படியும் தூக்கித்தானே போடப் போறாங்க. எங்களுக்குக் குடுத்தா எரிச்சுப் பாப்போம்."

"எரிச்சு?"

"எவ்வளவு சுண்ணாம்பு இருக்குன்னு கண்டுபிடிப்போம்."

"கண்டுபிடிச்சு சுவத்துக்கு அடிக்கப் போறீங்களா?"

"உங்களுதுல அவ்வளவெல்லாம் தேறாதுங்க. ஒரு சிட்டிகைதான் வரும்."

தையல் போட்ட ஆளைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று நர்ஸ் வந்து அந்த அம்மாளை அதட்டினார். எட்டு நாளில் அக்கா அந்த வார்டிலேயே ஆறு பேரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். டாக்டரம்மா படிவங்களோடு வந்து, ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். டாக்டரம்மா கேட்டு முடியாது என்று சொன்ன இருவரில் ஒருவரும் அந்த ஆறு பேரில் இருந்தார். எப்படி என்று கேட்டதற்கு, "என்னுதையும் குடுத்திருக்கேன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள்.

ஒன்றரை மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று கட்டளை, ஆகவே உலைக் கதவை நான் திறந்தேன். மற்றபடி எல்லாம் அவளே. உறைபெட்டியிலிருந்து எடுத்த துண்டைக் கட்டி இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டினாள், மூன்று தடவை கழுவினாள், உலர்த்தினாள், எடை போட்டாள். எண் நாற்பத்தொன்று. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உலைக்குள் வைப்பதற்கு முன் மட்டும் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காய்ந்த தோல் மாதிரி ஒரு பழுப்புத் துண்டு, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"இதுக்கா இவ்வளவு பேச்சு" என்றாள்.

மறுநாள் அது வெள்ளைச் சாம்பலாக வெளியே வந்தது. கரைத்துக் கொடுத்தாள். மூன்று தடவை விட்டேன், மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண். கால்சியம் கிராமுக்கு ஒன்று புள்ளி ஒன்பது மில்லிகிராம். இளம் பெண்களுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஜாடிக்காரர்களின் மூன்றரைக்கு ரொம்பக் கீழே. வார்டில் கிடைத்த ஆறு பேருடையதும் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் வந்தன. மூன்று மாதம் ஆனதும் ஜாடியில் ஊறிய மீதிப் பாதியை எடுத்து எரித்தோம், நாற்பத்தெட்டாம் கிண்ணம். மூன்று புள்ளி ஒன்று. ஒரே ஆளின் ஒரே உறுப்பு. கூடுதலாக வந்தது முழுக்கப் பளிங்கு.

டாக்டரம்மா அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடியில் கோடு போட்டார். அப்படியே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுது அக்கா. நான் நினைச்ச அளவுக்கு இல்லை. ஆனா நிஜமாவே ஏறுது."

இருபத்துநாலு ஜாடி முடிவுகளையும் அவர் தூக்கிப் போட்டார். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வேறு வார்டுகளிலும் கேட்டு, அக்காவுடையதையும் அந்த ஆறு பேருடையதையும் சேர்த்து, ஜாடியைப் பார்க்காத வயதானவர்களின் துண்டுகள் பதினெட்டு சேர்த்தார். கோடு ஏறியது, முன்னைப்போல் செங்குத்தாக இல்லை. பளிங்கு முடிச்சின் கதையையும் எடையோடு ஆய்வேட்டில் எழுதினார். இனி யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்காவுக்கு முடியவில்லை.

ஓய்வு பெறும் வாரம், ஒரு மதியம் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை என் முன் வைத்தாள். அவள் கையெழுத்தில் பதினெட்டு வரி. ஒவ்வொரு வரியிலும் துத்தநாகம், மக்னீசியம் என இரண்டு எண்கள் மட்டும். கிண்ண எண் இல்லை, வயது இல்லை, வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தாள். கால்சியம் எழுதினால் எது யாருடையது என்று எனக்கு நினைவு வந்துவிடும் என்று அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள்.

"இந்தப் பதினெட்டுப் பேருல அஞ்சு பேருக்குக் குழந்தை இல்லை. அது யார் யாருன்னு சொல்லுங்க பாப்போம். மெஷின்காரருக்குத் தெரியாததா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். அந்தத் தாளில் அவளும் இருக்கிறாள் என்று தோன்றியிருக்கலாம். மெஷின்காரர் என்று சொன்னதும் தலை கனத்துவிட்டது. பேனாவை எடுத்தேன். துத்தநாகம் குறைந்த வரிகளாகப் பார்த்து ஐந்துக்குப் பெருக்கல் குறி போட்டேன். சும்மா இருக்காமல், எல்லாவற்றிலும் துத்தநாகம் அதிகமாக இருந்த வரிக்கு ஒரு வட்டமும் போட்டேன்.

"இந்த அம்மாவுக்கு மட்டும் நாலு புள்ளைங்க. எழுதித் தர்றேன், வேணுமா?"

டாக்டரம்மா தன் கோப்பிலிருந்த பிரசவக் கணக்கோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். நான் குறி போட்ட ஐந்தில் சரியாக வந்தது ஒன்றே ஒன்று. "கண்ணை மூடிக்கிட்டுக் குறி போட்டிருந்தாலும் இதே லட்சணம்தான்" என்றார். "இந்த எண்களை வெச்சு அதைச் சொல்லவே முடியாது. நானும் போன வாரம் முயற்சி பண்ணித் தோத்துட்டேன்."

"வட்டம் போட்ட வரி யாரோடது?" என்று கேட்டேன். என் மானத்துக்கு அதுவாவது தேறுமா என்று பார்த்தேன்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வட்டத்தை விரலால் தொட்டாள். அது அவள் வரி.

"நாலா?" என்றாள்.

"அக்கா, நான் தெரியாம..."

"ரெண்டு ரூம் வீடு தம்பி. நாலையும் எங்க படுக்க வெக்கிறது?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். நடுவில் அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு நன்றாகவே அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள்.

"எழுதித் தர்றேன்னீங்களே. எழுதிக் குடுங்க. மாமாகிட்ட காட்டணும்."

வட்டத்துக்குப் பக்கத்தில் 'நான்கு' என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போடச் சொன்னாள், போட்டேன்.